மனம் அலைந்த பிறகு என்ன செய்கிறோம்: மன அழுத்தத்துக்கான எட்டு வாரப் பயிற்சி

மனக்கவனப் பயிற்சியில் (ஆங்கிலத்தில் ‘மைண்ட்ஃபுல்னெஸ்’) புதிதாகச் சேர்ந்தவரிடம் முதல் வாரம் முடிந்ததும் கேட்டால் பெரும்பாலும் இப்படித்தான் சொல்வார்: “உட்கார்ந்தாலே யோசனையா வருது. முன்னாடி இவ்வளவு வராது. எனக்கு இது சரிப்படாது போல.” பலர் அத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் பயிற்சி வேலை செய்யத் தொடங்கியதற்கான முதல் அடையாளமே அதுதான். யோசனைகள் கூடவில்லை. நாள் முழுக்க ஓடிக்கொண்டிருந்தவை இப்போதுதான் கண்ணில் பட்டிருக்கின்றன. இதை அந்தச் சமயத்தில் எடுத்துச் சொல்ல ஆள் இருந்தாரா என்பதைப் பொறுத்தே அவர் தொடர்வதும் விடுவதும் அமைகிறது.

அலையும் மனம் யாருடைய தனிக் குறையும் இல்லை. 2010-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மாத்யூ கில்லிங்ஸ்வொர்த்தும் டேனியல் கில்பர்ட்டும் 2,250 பேரிடம் கைபேசிச் செயலி வழியாக, நாளின் வெவ்வேறு நேரங்களில், “இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் அதில் இருக்கிறதா?” என்று கேட்டுப் பதிவுசெய்தார்கள். 46.9 விழுக்காடு நேரம் மனம் வேறெங்கோ இருந்தது. அப்படி அலைந்த நேரங்களில் அவர்களின் மகிழ்ச்சியும் குறைவாகவே இருந்தது.

‘மைண்ட்ஃபுல்னெஸ்’ என்ற சொல்லைத் தமிழாக்க மென்பொருளில் போட்டால் ‘நினைவாற்றல்’ என்று வருவதுண்டு. தேர்வுக்குப் படிப்பவரின் ஞாபகசக்தியைக் குறிக்கும் சொல் அது, இங்கே பொருந்தாது. ஆனாலும் அந்தத் தவறுக்குள் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. இந்தப் பயிற்சியின் மூலச்சொல் பாலி மொழியில் ‘சதி’, வடமொழியில் ‘ஸ்மிருதி’. இரண்டுக்கும் வேர்ப்பொருள் நினைவுதான். 1881-இல் பாலி அறிஞர் ரைஸ் டேவிட்ஸ் அதற்கு ‘மைண்ட்ஃபுல்னெஸ்’ என்று ஆங்கிலம் தந்தார். எதைக் கவனித்துக்கொண்டிருந்தோம் என்பது மறந்துபோகிறது, பிறகு நினைவுக்கு வருகிறது, திரும்புகிறோம். அந்த நினைவுதான் சதி. இந்தக் கட்டுரையில் ‘மனக்கவனம்’ என்றே எழுதுகிறோம்.

மருத்துவமனைக்குள் வந்த வழி

உடல், உணர்ச்சி, மனநிலை, மன நிகழ்வுகள் என நான்கையும் கவனிக்கும் முறையைப் பாலி நூல்களில் உள்ள ‘சதிபட்டான சுத்தா’ என்ற புத்தரின் போதனை உரை விளக்குகிறது. துறவிகளுக்கே உரியதாக இருந்த அதை இல்லறத்தாருக்கும் கற்றுத்தரும் வழக்கம் பர்மாவில் வலுப்பெற்றது. லெடி சயாடோ, மகாசி சயாடோ ஆகிய துறவிகளும், அரசின் தலைமைக் கணக்காயராக இருந்துகொண்டே தியானம் கற்பித்த ஊ பா கின்னும் அதில் முக்கியமானவர்கள். ஊ பா கின்னின் மாணவர் கோயங்கா 1969-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்ததே இன்று பலருக்கும் தெரிந்த பத்து நாள் விபாசனா.

மருத்துவமனைக்குள் இது நுழைந்தது 1979-இல். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (எம்ஐடி) மூலக்கூறு உயிரியலில் முனைவர் பட்டம் பெற்ற ஜான் கபாட்-ஜின், அமெரிக்காவின் வூஸ்டர் நகரில் உள்ள மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஒரு வகுப்பைத் தொடங்கினார். மருந்தும் அறுவையும் கைகொடுக்காத நாள்பட்ட வலிக்காரர்களை மருத்துவர்கள் அங்கே அனுப்பினார்கள். 51 வலி நோயாளிகளைப் பற்றிய அவருடைய முதல் அறிக்கை 1982-இல் வந்தது. தொடக்கத்தில் பத்து வாரமாக இருந்த பாடத்திட்டம் பின்னர் எட்டு வாரமானது. எம்பிஎஸ்ஆர் (மனக்கவன வழியில் மன அழுத்தக் குறைப்பு) என்ற சுருக்கப் பெயரில் உலகம் முழுக்கச் சொல்லித்தரப்படுவது இதுதான். மந்திரமோ வழிபாடோ இதில் கிடையாது. எந்த நம்பிக்கை உள்ளவரும் எதுவும் இல்லாதவரும் சேரலாம்.

அழுத்தத்தில் எந்த இடத்தைத் தொடுகிறது

ஆபத்து என்று மூளை கணித்ததும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினையும், சற்று நேரத்தில் கார்ட்டிசோலையும் விடுகின்றன. இதயம் வேகமெடுக்கிறது, தசைகள் இறுகுகின்றன, செரிமானம் மந்தப்படுகிறது. பாய்ந்து வரும் மாட்டிடமிருந்து தப்ப இது தேவை. தப்பியதும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். மனிதருக்குச் சிக்கல், மாடு போன பிறகும் அதை மனத்தில் ஓட்டிக்கொண்டிருப்பது. மாலை 4 மணிக்கு அதிகாரி சொன்ன ஒரு சொல், இரவு 11 மணிக்குப் படுக்கையில் மறுபடி கேட்கிறது. உடல் மறுபடி அதே அபாயச் சங்கை ஊதுகிறது. நடந்தது ஒருமுறை, உடல் பட்டது பத்துமுறை.

அதிகாரியின் சொல்லைப் பயிற்சி மாற்றாது. மறுஒளிபரப்பு தொடங்கிவிட்டது என்பதைச் சீக்கிரமே கண்டுகொள்ளப் பழக்குகிறது. அந்தத் தகவல் பெரும்பாலும் உடலிலிருந்தே முதலில் வரும். தாடை இறுகியிருக்கும், தோள்பட்டை காதுப் பக்கம் ஏறியிருக்கும், வயிற்றில் ஒரு முறுக்கு இருக்கும். இது தெரிந்த நொடியில் கதையை நீட்டலாம், விட்டும் விடலாம். தெரியாதவருக்கு நீட்டுவது மட்டும்தான் வாய்க்கும். எட்டு வாரமும் பெரும்பகுதி உடலைக் கவனிப்பதிலேயே கழிவதற்குக் காரணம் இதுவே.

எட்டு வாரத்தின் அமைப்பு

வாரம் ஒரு வகுப்பு, சுமார் இரண்டரை மணி நேரம். ஆறாம் வாரத்தை ஒட்டி ஒரு முழுநாள் மௌனப் பயிற்சி. வீட்டில் வாரத்துக்கு 6 நாள், நாளுக்கு 45 நிமிடம். சேரும் முன்பே ஆசிரியர் ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசி, இந்த நேரத்தை ஒதுக்க முடியுமா, இப்போது இதைச் செய்யும் உடல்நிலையும் மனநிலையும் உள்ளனவா என்று பார்க்க வேண்டும்.

முதல் வகுப்பில் ஆளுக்கொரு உலர் திராட்சை தருவார்கள். அதைப் பார்த்து, விரலால் உருட்டி, முகர்ந்து, கடிக்காமல் நாக்கில் வைத்திருந்து, மென்று, விழுங்கும்வரை கவனிக்கப் பத்து நிமிடம் ஆகும். விளையாட்டு போலத் தோன்றினாலும், கை வாய்க்குப் போகும் முன்பே எச்சில் ஊறுவதைப் பலர் அன்றுதான் கவனிக்கிறார்கள். முதல் இரண்டு வாரம் வீட்டில் பெரும்பாலும் உடல் வலம், அதாவது உடலைப் பகுதி பகுதியாகக் கவனித்துப் போவது. மூன்றாம் வாரத்தில் மெதுவான யோகாசனம் சேரும். பிறகு உட்கார்ந்த தியானம் நீளும். இடையில் இரண்டு எழுத்து வேலைகள் உண்டு. ஒரு வாரம் நாளுக்கு ஓர் இனிய நிகழ்ச்சி, அடுத்த வாரம் நாளுக்கு ஒரு கசப்பான நிகழ்ச்சி. நடக்கும்போது உடலில் என்ன தெரிந்தது, மனத்தில் என்ன ஓடியது, எழுதும் இந்த நேரத்தில் என்ன தோன்றுகிறது என்று தனித்தனியாகக் குறிக்க வேண்டும். “கோபம் வந்தது” என்ற ஒற்றைச் சொல், “கழுத்தில் சூடு, ‘என்னை மதிக்கவில்லை’ என்ற நினைப்பு, எழுந்து போய்விட வேண்டும் என்ற உந்துதல்” என்று மூன்றாகப் பிரிவது இந்த எழுத்து வேலையில்தான். ஏழாம் வாரம் ஒலிப்பதிவை அணைத்துவிட்டுத் தானே செய்து பார்ப்பது.

உடல் வலம்: படுத்துக்கொண்டு செய்வது

பாயிலோ மெல்லிய மெத்தையிலோ மல்லாந்து படுக்க வேண்டும். இடுப்பு வலி உள்ளவர்கள் முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துக்கொள்ளலாம். அசையாமல் கிடந்தால் உடல் குளிரும். ஒரு போர்வை அருகில் இருக்கட்டும். இடது கால் விரல்களில் தொடங்கி, பாதம், கெண்டைக்கால், முழங்கால், தொடை என்று இடுப்புவரை. பிறகு வலது கால் அதே வரிசையில். அதன்பின் இடுப்பு, அடிவயிறு, முதுகு, மார்பு. இரண்டு கைகளும் விரலிலிருந்து தோள்வரை. பிடரி, தாடை, முகம், உச்சந்தலை. முழுப் பயிற்சி 45 நிமிடம். தனியாகத் தொடங்குபவர்கள் 20 நிமிடத்தில் செய்யலாம்.

ஒவ்வோர் இடத்திலும் கேள்வி ஒன்றே: இப்போது இங்கே என்ன தெரிகிறது? சூடு, குளிர், துணி உரசுவது, அரிப்பு, துடிப்பு, எதுவானாலும் சரி. ஒன்றும் தெரியாவிட்டால் ‘ஒன்றும் தெரியவில்லை’ என்பதே அந்த இடத்தின் விவரம். தொடக்கத்தில் கெண்டைக்காலும் தொடையும் பலருக்கு இருட்டாகவே இருக்கும். அங்கே ஏதாவது உணர்ந்தாக வேண்டும் என்று முனைந்தால் அந்த இடத்துத் தசை இறுகும். அந்த இறுக்கத்தையே உணர்வென்று எடுத்துக்கொள்ள நேரும்.

தூங்கிவிடுவது மிகச் சாதாரணம். தூக்கக் கடன் உள்ள உடல், படுக்க இடம் கிடைத்ததும் வசூலித்துக்கொள்கிறது. முதல் வாரம் அப்படியே விடலாம். தொடர்ந்தால் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யலாம், முன்கையை மட்டும் செங்குத்தாக நிறுத்தி வைக்கலாம் (கண் சொக்கும்போது கை சாய்ந்து எழுப்பிவிடும்), அல்லது நாற்காலிக்கு மாறலாம். சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழிய வேண்டும்.

உட்கார்ந்த தியானம்

சம்மணம் போட்டால்தான் தியானம் என்று எண்ணி முழங்கால் வலியோடு போராடுபவர்கள் நிறைய. நாற்காலி போதும். இரு பாதமும் தரையில் படிய வேண்டும். எட்டாவிட்டால் மடித்த போர்வையைக் காலடியில் வையுங்கள். வீட்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் பின்பக்கம் சரிந்தவை, முதுகு தானாகக் கூன் விழும். இருக்கையின் பின்பாதியில் ஒரு துண்டை நாலாக மடித்துப் போட்டால் சரிவு நிமிரும். தரையில் உட்காருபவர்களுக்கு 10 முதல் 15 செ.மீ. உயரமுள்ள கெட்டியான திண்டு வேண்டும். அதன் முன்விளிம்பில் உட்கார்ந்தால் இடுப்பு முழங்காலைவிட உயர்ந்து முதுகு சிரமமின்றி நிற்கும். கால் மரத்துப்போவது நரம்பு அழுந்துவதால். பொறுத்துக்கொள்வதில் புண்ணியம் ஏதும் இல்லை, மாற்றி உட்காரலாம். மாற்றும் முன் ‘மாற்ற வேண்டும்’ என்ற உந்துதலை ஒருமுறை கவனித்துவிட்டு, அசைவையும் கவனித்தபடி மாற்றினால் அதுவும் பயிற்சியில் சேரும்.

முதல் வாரம் 10 நிமிடம் போதும். மூச்சு தெளிவாகத் தெரியும் ஓர் இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள்: மூக்குத் துவாரம், மார்பு, வயிறு. ஒருமுறை தேர்ந்த இடத்தை அந்த அமர்வு முடியும்வரை மாற்ற வேண்டாம். மூச்சு வருகிறது, போகிறது. அங்கே தெரியும் அசைவையோ குளிர்ச்சியையோ கவனிக்கிறீர்கள். சில நொடிகளில் மனம் மளிகைக் கணக்குக்குப் போயிருக்கும். எப்போது போனது என்று தெரியாது, போயிருப்பது தெரியவரும். அந்த நொடியை வீணடிக்கக் கூடாது. ‘நினைப்பு’ என்று மனத்துக்குள் ஒரு சொல், பிறகு அடுத்த மூச்சு. பத்து நிமிடத்தில் நூறுமுறை இது நடந்தால் நூறுமுறையும் அப்படியே. தண்டால் எடுப்பவருக்கு எழுவது எப்படியோ, இங்கே திரும்புவது அப்படி. ‘ஐயோ, மறுபடி போய்விட்டதே’ என்று தன்னைத் திட்டிக்கொண்டால் அந்தத் திட்டு இன்னொரு நினைப்பு. அதையும் கண்டு விட்டுவிடலாம்.

பிராணாயாமம் பழகியவர்களுக்கு ஓர் இடறல் உண்டு. அவர்கள் கவனம் வைத்ததும் மூச்சை நீட்டவும் நிறுத்தவும் தொடங்கிவிடுவார்கள். பிராணாயாமம் மூச்சை மாற்றுகிறது, அதற்கு அதன் பயன் உண்டு. இங்கே மூச்சு குட்டையாக இருந்தால் குட்டை, கரடுமுரடாக இருந்தால் கரடுமுரடு. கவனித்தாலே மார்பு இறுகுகிறது, மூச்சுத் திணறுகிறது என்றால் மூச்சை விட்டுவிட்டுப் பாதங்கள் தரையில் படும் உணர்வுக்கு மாறுங்கள். ஆஸ்துமாக்காரர்களும் திடீர் பீதித் தாக்கம் வருபவர்களும் தொடக்கம் முதலே பாதத்தையோ சுற்றுப்புற ஒலியையோ வைத்துக்கொள்வது நல்லது. வீட்டில் சத்தம் என்று பயிற்சியைத் தள்ளிப்போடுபவர்களுக்கும் இதே வழி: குக்கர் விசிலும் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியும் மூச்சைப் போலவே வந்து போகிற பொருட்கள்தான்.

பாலி நூல்கள் தியானத்துக்கு ஐந்து தடைகளைச் சொல்கின்றன: ஆசை, வெறுப்பு, மந்தமும் தூக்கமும், படபடப்பும் உறுத்தலும், சந்தேகம். இன்றைய வகுப்பில் வரும் முறையீடுகளும் இந்த ஐந்துக்குள் அடங்கிவிடுகின்றன. இவற்றில் ஆசைதான் எளிதில் பிடிபடாதது. ஒருநாள் பயிற்சியில் நல்ல அமைதி வாய்த்திருக்கும். மறுநாள் அதே அமைதியைத் தேடிக்கொண்டு உட்காருவார், வராது, எரிச்சல் வரும். அமைதி வரும்போது வரட்டும். அதையே இலக்காக வைத்தவருக்குப் பயிற்சி புதிதாக ஓர் அழுத்தமாகிவிடும்.

பரபரப்பான நாளின் நடுவே மூன்று நிமிடப் பயிற்சி ஒன்று உண்டு. முதல் நிமிடம்: இப்போது என்ன நினைப்பு, என்ன உணர்ச்சி, உடலில் எங்கே என்ன? இரண்டாவது: மூச்சுக்கு மட்டும் கவனம். மூன்றாவது: கவனத்தை முழு உடலுக்கும் விரிப்பது. மனச்சோர்வு மீண்டும் வராமல் தடுக்க ஸிண்டெல் சீகல், மார்க் வில்லியம்ஸ், ஜான் டீஸ்டேல் ஆகியோர் உருவாக்கிய எம்பிசிடி என்ற எட்டு வாரப் பாடத்தின் பகுதி இது. கடினமான தொலைபேசி அழைப்புக்கு முன்னும், வீட்டுப் படியேறும் முன்னும் செய்யலாம். நாளாந்தப் பயிற்சி இல்லாமல் இதை மட்டும் வைத்துக்கொண்டால் தேவைப்படும் நேரத்தில் நினைவுக்கே வராது.

சொல்லித்தருபவருக்கு

தமிழில் வழிநடத்தும்போது சொற்தேர்வில் கூடுதல் எச்சரிக்கை தேவை. ‘மனதை அடக்குங்கள்’, ‘ஒருமுகப்படுத்துங்கள்’, ‘வெறுமையாக்குங்கள்’ ஆகியவை நம் காதில் ஊறிய தொடர்கள். மூன்றுமே இங்கே தவறான வேலையைத் தருகின்றன. ‘ரிலாக்ஸ் ஆகுங்கள்’ என்பதும் அப்படியே: இறுகிப்போய் வந்தவருக்கு அது தோற்பதற்கு ஓர் இலக்கு. ‘மூச்சை இழுங்கள், விடுங்கள்’ என்றால் உடனே இழுத்து விடுவார்கள். ‘மூச்சு வரும்போது… போகும்போது…’ என்றால் இழுக்க ஆள் தேவையில்லை; தமிழின் தன்வினை இங்கே பெரிய உதவி. ஆங்கிலத்தில் கட்டளையைத் தவிர்க்க ஆசிரியர்கள் தொடர்வினை வடிவங்களில் பேசுவார்கள். நமக்கு ‘கவனித்தபடி’, ‘விட்டுக்கொண்டு’, ‘இருக்கிறபடி’ என்ற எச்சங்களே அந்த வேலையைச் செய்கின்றன. ‘சுவாசத்தை அவதானியுங்கள்’ என்பது தமிழ்நாட்டில் சொற்பொழிவு போல ஒலிக்கும். இலங்கையில் ‘அவதானம்’ அன்றாடச் சொல், அங்கே இயல்பாகப் பொருந்தும்.

பயிற்சி முடிந்ததும் நடக்கும் உரையாடலே வகுப்பின் உயிர். “எப்படி இருந்தது?” என்று கேட்டால் “நல்லா இருந்துச்சு மேடம்” என்றுதான் பதில் வரும், ஆசிரியரை மகிழ்விக்கும் பழக்கம் நமக்குப் பள்ளியிலிருந்தே உண்டு. “என்ன கவனிச்சீங்க?” என்று தொடங்கி, அது வந்தபோது என்ன செய்தார், வீட்டிலும் வேலையிலும் அதே போல நடப்பதுண்டா என்று போக வேண்டும். முழங்கால் வலியைத் தாங்கிக்கொண்டு பல்லைக் கடித்தவர், அலுவலகத்திலும் அப்படித்தான் பல்லைக் கடிப்பதாகத் தானே கண்டு சொல்வார். ஆசிரியர் விளக்கிச் சொல்லிவிட்டால் அது ஆசிரியரின் கருத்தாகவே நின்றுபோகும். இந்தக் கேள்விகளைப் பொறுமையாகக் கேட்க, ஆசிரியருக்கே நாள்தோறும் பயிற்சி இருக்க வேண்டும். வார இறுதிப் பட்டறை ஒன்றில் சான்றிதழ் வாங்கிவந்து எட்டு வாரம் நடத்துவது பொறுப்பான செயல் அல்ல.

எவ்வளவு பயன், யாருக்கு வேண்டாம்

ஆதாரங்கள் மிதமான பயனைக் காட்டுகின்றன. 2014-இல் வெளியான கோயல் குழுவின் தொகுப்பாய்வு 47 ஆய்வுகளை, 3,515 பேரை எடுத்துக்கொண்டது. பதற்றம், மனச்சோர்வு, வலி மூன்றிலும் சிறிய அளவு முதல் நடுத்தர அளவுவரை பயன் தெரிந்தது. உடற்பயிற்சி, மருந்து போன்ற மற்ற வழிகளைவிட மேலானது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. எலிசபெத் ஹோஜ் குழு பதற்றக் கோளாறு உள்ள 276 பேரிடம் நடத்தி 2022-இல் வெளியிட்ட ஆய்வில், எட்டு வார எம்பிஎஸ்ஆர், பதற்றத்துக்குத் தரப்படும் எஸ்சிடலோபிராம் மாத்திரைக்குக் குறையாத பலன் தந்தது. அதே 2022-இல் பிரிட்டனில் 84 பள்ளிகளில், 8,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடந்த பெரிய ஆய்வு முடிந்தது; வழக்கமான பாடத்தைவிட மனக்கவன வகுப்பால் கூடுதல் நன்மை தெரியவில்லை. அந்த மாணவர்களில் பெரும்பாலோர் வீட்டில் பயிற்சி செய்யவே இல்லை. விரும்பாதவரை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பதில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை. ஊழியர் அனைவருக்கும் கட்டாயம் என்று அறிவிக்கும் அலுவலகங்களுக்கும் இது பொருந்தும். ஆள் பற்றாக்குறையால் வரும் அழுத்தத்துக்கு ஆள் சேர்ப்பதே மருந்து.

அண்மையில் பெரிய அதிர்ச்சியோ இழப்போ நேர்ந்தவர்கள், தற்கொலை எண்ணம் உள்ளவர்கள், மனப்பிறழ்வு நிலையில் இருப்பவர்கள், குடியிலிருந்து இன்னும் மீளாதவர்கள் இப்போது இதைத் தொடங்க வேண்டாம்; முதலில் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். கண்ணை மூடி உடலுக்குள் போனதும் பழைய கொடுமை படமாக விரிவது சிலருக்கு நடக்கும். அப்போது ‘அதோடு இருங்கள்’ என்று சொல்லும் ஆசிரியர் தீங்கு செய்கிறார். கண்ணைத் திறந்து, அறையில் உள்ள ஐந்து பொருட்களைப் பெயர் சொல்லி, எழுந்து நடந்து, குளிர்ந்த தண்ணீர் குடித்து, அன்றைக்கு நிறுத்திவிடுவதே சரி. மாத்திரை எடுப்பவர்கள் பயிற்சியை நம்பித் தாங்களாகவே அதை நிறுத்தக் கூடாது. உடனடி உதவிக்கு இந்தியாவில் டெலி மானஸ் எண் 14416, இலங்கையில் 1926.

வீட்டுப் பயிற்சி முழுமையாக நடப்பது அரிது. 2017-இல் வந்த ஒரு தொகுப்பாய்வின்படி, கொடுத்த வேலையில் சராசரியாக 64 விழுக்காட்டையே மக்கள் செய்கிறார்கள், அதாவது நாளுக்குச் சுமார் 30 நிமிடம். ஆகவே 45 நிமிடம் முடியாத நாளில் 15 நிமிடம் செய்யுங்கள். ஏற்கெனவே உறுதியாக நடக்கும் ஒரு வேலையோடு கட்டிவிடுங்கள்: பல் தேய்த்த பின், காப்பிக்கு முன். நேரம் முடிந்ததைச் சொல்ல மென்மையான மணியொலி போதும். கைபேசியை விமான நிலையில் போட்டுவிடலாம். திருவிழா, காய்ச்சல், ஊர்ப்பயணம் என்று பத்து நாள் விட்டுப்போனால், அதை ஈடுகட்ட ஒரே நாளில் ஒரு மணி நேரம் உட்கார வேண்டாம். அன்றைக்கு ஐந்து நிமிடம் போதும், மறுநாள் பத்து.